ஒரு முள் குறைந்த மீன்

1. தம்புள்ளையில் நான் வேலை செய்யும் மரக்கறி பொதியிடும் நிலையத்தின் குளிர் அறையில் போஞ்சி வதங்கியது.
2. அறைச் சாவியை வைத்திருந்த புஷ்பா அக்காவின் வேலை போகப் பார்த்தது.
3. மீன்முள் நானா தன் மீனைப் பலகையில் மாட்டினார்.
4. மீனில் ஒரு முள் குறைந்தது.
5. புஷ்பா அக்கா இன்றும் கலேவெல பஸ்ஸில் வேலைக்கு வருகிறார்.

இடையில் நடந்ததை விளக்க, முதலில் நானாவை விளக்க வேண்டும். அது சிரமம். உலகத்தில் உள்ள சகலத்தையும் பெட்டிக்குள் போட்டு அம்புக்குறி கீறிவிட்டவர் அவர். அவரைப் போடத்தான் பெட்டி கிடையாது.

மாத்தளை டவுன்காரர்; முஸ்லிம் வீடுகளில் அண்ணனை அழைப்பதுபோல நாங்களும் அவரை நானா என்போம். எங்கள் பராமரிப்புப் பிரிவின் பொறுப்பாளர். கூட்டம் என்றால் அவருக்குப் பெருநாள் மாதிரி. ஆனால் கையால் ஒரு கோடு நேராக வராது. அவர் கீறும் வட்டத்தை நாங்கள் எல்லோரும் உருளைக்கிழங்கு என்றே வாசித்தோம். அதனால் இணையத்தில் கிடைத்த ஆயத்த வரைபடங்களை இறக்கி, கலேவெலயில் கல்யாணத்துக்கும் மரணத்துக்கும் பெனர் அடிக்கும் கடையில் பெரிதாக அடித்து வாங்கினார். அவற்றைச் சுருட்டி ஒரு பிவிசி குழாயில் போட்டுத் தோளில் வைத்துக்கொண்டு நடப்பார். கூட்டத்தில் குழாயைத் திறப்பார், பெனரை விரிப்பார், நான்கு மூலைக்கும் காந்தம் வைப்பார், வெற்றுப் பெட்டிகளை மார்க்கரால் நிரப்பச் சொல்வார்.

அவருக்கு மிகப் பிடித்தது மீன்முள் படம். பிரச்சினையை மீனின் தலையில் எழுத வேண்டும். காரணங்களை முட்களில் எழுத வேண்டும். முறைப்படி ஆறு முட்கள்: இயந்திரம், பொருள், முறை, அளவீடு, இடம், ஆள்.

பெனர் கடைக்காரர் மீனின் தலை வெறுமையாக இருப்பதைப் பார்த்து, போட்டோ வர விட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, அதைச் சுற்றி ஒரு மல்லிகை மாலை போட்டுவிட்டார். அதற்குப் பிறகு அங்கே எதை எழுதினாலும் அது காலமாகிவிட்டது போலத் தெரியும். நானா முதன்முதலாக ‘கறிமிளகாய் அழுகல்’ என்று எழுதியபோது, புதிதாக வந்த கிளார்க் எழுந்து நின்று தலை குனிந்தார்.

இன்னொரு குறையும் இருந்தது. வால் பக்கத்து மூலை வெட்டுப்பட்டு, ‘ஆள்’ என்ற முள்ளே இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அதைச் சுட்டிக்காட்டினேன்.

“பெனர் கடக்காரன் வெட்டிட்டான் தங்கச்சி. அஞ்சு ஈக்குதானே, போதும்.”

கன்டீன் சுவரில் பிளேன்டீக்கு ஒரு பாய்வுப் படம் ஒட்டினார். சீனி வேண்டுமா, ஆம், இல்லை. இஞ்சி வேண்டுமா, ஆம், இல்லை. கேத்தலில் தண்ணீர் இல்லாவிட்டால் எந்த அம்பில் போவது என்று கன்டீன் அக்கா கேட்டார். நானா அன்று மதியம் சாப்பிடவில்லை, படத்தைத் திருத்திக்கொண்டிருந்தார். வீட்டில் ஒரு நாள் புரியாணி அடிபிடித்ததற்கும் மீனை விரித்தாராம். அவர் மனைவி மார்க்கரை வாங்கி எல்லா முட்களிலும் அவருடைய பெயரையே எழுதினாராம். இதை நானாவே எங்களிடம் பெருமையாகச் சொன்னார். பெட்டி ஒன்றும் காலியாக இல்லையே.

இனி போஞ்சி. ஹோட்டல்களுக்குப் போன பெட்டிகள் அடுத்தடுத்துத் திரும்பி வந்தன. மெனேஜர் பருத்தித்துறைக்காரர்; கெட்டவரல்ல, அவசரக்காரர். புஷ்பா அக்கா அறைக் கதவைத் திறந்துபோட்டுவிட்டார், அன்றோடு நிறுத்திவிடலாம் என்பது அவர் முடிவு. அக்காவின் வருமானத்தில்தான் வீடு ஓடியது. இரண்டு பிள்ளைகள் உயர்தர வகுப்பில் படித்தார்கள். அவர் கூட்ட அறைக் கதவருகே சாவிக்கொத்தைப் பிடித்தபடி நின்றார்.

நானா மீனை மாட்டினார். மாலைக்குள் ‘போஞ்சி’ என்று எழுதினார். மெனேஜர் மார்க்கரை எடுத்துக்கொண்டு மீனைத் தலையிலிருந்து வால் வரை தேடினார்.

“இதிலை ஆள் எங்கை?”

“ப்ரின்ட்ல இல்ல சேர்.”

“அப்ப கையாலை கீறுங்கோ.”

“கீறலாம் சேர். ஆனா டெம்ப்ளேட்ட மாத்தினா தரச் சான்றிதழ்காரங்க வந்து கேப்பாங்க. ஈக்கிற முள்ள நெரப்பிட்டு பாப்போமே.”

தரச் சான்றிதழ் என்ற சொல்லுக்கு மெனேஜர் அடங்குவார். நிரப்பத் தொடங்கினோம். இயந்திரம் சரி. பொருள் சரி. முறை சரி. அளவீடு காலியாக இருந்தது. காலிப் பெட்டியைப் பார்த்தால் எனக்கும் கை சும்மா இருக்காது. வெப்பமானியை எடுத்துக்கொண்டு குளிர் அறைக்குப் போனேன். வெளியே வெப்பநிலைத் திரை ஐந்து பாகை காட்டியது. உள்ளே, கதவு மூடியிருந்தும், பின் மூலைத் தட்டில் பன்னிரண்டு. கூடுதலாகப் பெட்டி அடுக்குவதற்காகத் தட்டுகளை நகர்த்தியபோது, சென்சரைக் குளிர்க் காற்று அடிக்கும் விசிறிக்கு நேரே மாட்டியிருந்தார்கள். அது தன்னைச் சுற்றியுள்ள குளிரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. கதவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

திரும்பி வந்து சொன்னேன். எல்லோர் கண்ணும் மெனேஜர் பக்கம் போய்த் திரும்பியது. தட்டுகளை நகர்த்தச் சொன்னவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். மெனேஜர் தொண்டையைச் செருமினார்.

“அப்ப, நகர்த்தச் சொன்ன ஆளின்ரை பேரை எழுதத்தானே வேணும்?”

நானா மார்க்கரை மூடினார்.

“ஆளுக்கு முள் இல்ல சேர்.”

முதலில் சிரித்தவர் மெனேஜர்தான். புஷ்பா அக்கா சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு வேலைக்குப் போனார்.

போன மாதம் நானா வில்கமுவவில் ஒரு நெல் களஞ்சியத்துக்கு வேலை மாறிப்போனார். குழாயை என் மேசையில் வைத்தார். “நீங்க கோடு நேராக் கீறுவீங்க. ஆனாலும் வெச்சிக்கோங்க” என்றார்.

அவர் போன பிறகு பெனர்களை வெளியே இழுத்தேன். குழாயின் அடியிலிருந்து ஒரு துண்டு விழுந்தது. வால் பக்கத்து மூலை. அதில் ‘ஆள்’ என்று எழுதியிருந்தது. கடைக்காரர் வெட்டியிருந்தால் ஓரம் நேராக இருந்திருக்கும். இந்த ஓரம் உருளைக்கிழங்கு மாதிரி வளைந்து வளைந்து போயிருந்தது.

அவருக்கு அழைத்தேன். துண்டைப் பற்றிக் கேட்டேன்.

“அது ஈந்தா மொதல்ல அதத்தான் நெரப்புறாங்க தங்கச்சி. பொறகு மத்த முள்ளப் பாக்க ஒருத்தரும் போறதில்ல.”

இப்போதைய நிலை: மீன் பலகையில் இருக்கிறது. ஐந்து முட்கள். துண்டு குழாய்க்குள்ளேயே இருக்கிறது. புதிதாக வருபவர்கள் ஆறாவது எங்கே என்று கேட்டால், பெனர் கடைக்காரர் வெட்டிவிட்டார் என்று சொல்கிறேன்.