மேஜருக்கு ஒரு கேட் பாஸ்

ஓசூர் தொழிற்பேட்டையில் எந்தக் கம்பெனிக்குள்ளும் புகுந்து அகப்படாமல் திருடக்கூடிய ஒரே ஆள் எங்கள் மேஜர்தான். இத்தனைக்கும் அவர்தான் எங்கள் செக்யூரிட்டி ஆபீசர். ராணுவத்தில் சுபேதார் மேஜராக ஓய்வு பெற்று வந்தவர். கேட் காவலர்களை 'என் படை' என்றுதான் சொல்வார்.

படையில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் உண்டு. வகுப்பு எடுத்தால் மூன்று பாஷையில் எடுக்க வேண்டும், திருடிக் காட்டினால் எல்லாருக்கும் புரியும் என்பது மேஜரின் கட்சி. ஸ்டோர்ஸில் இருக்கும் என்னிடம் சொல்லிவிட்டுச் செம்புக் கம்பிச் சுருள் ஒன்றை எடுப்பார். குடைக்குள்ளோ, டிபன் கேரியரிலோ, ஒருமுறை பொய்யாகப் போட்ட மாவுக்கட்டிலோ வைத்து வெளியே போய்விடுவார். பிறகு திரும்பி வந்து, தன்னைச் சோதிக்காமல் விட்ட காவலருக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடிப்பார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்பார்கள்.

கேன்டீன் மிச்சச் சோற்றைப் பன்றிப் பண்ணைக்கு ஏற்றிப்போகும் டெம்போவை, நாற்றத்துக்குப் பயந்து யாரும் சோதிப்பதில்லை. ஒருநாள் மேஜர் அதன் டிரம்களுக்கு நடுவே சுருளோடு உட்கார்ந்துகொண்டார். கேட்டில் காவலுக்கு நின்ற முனிராஜ் மூக்கைப் பொத்தியபடி 'போ போ' என்று கையாட்டினான். டிரைவருக்கும் விஷயம் தெரியாது. வண்டி பேரிகை என்ற ஊரையும் தாண்டிப் பண்ணையில் போய்த்தான் நின்றது. சட்டையெல்லாம் சாம்பாரோடு மேஜர் பஸ்ஸில் திரும்பினார். கூட்டமான பஸ்ஸில் மூன்று பேர் சீட் முழுக்க அவருக்கே கிடைத்ததாம். வந்ததும் முனிராஜுக்கு சல்யூட். அவன் அழுதேவிட்டான்.

அவனை வேலையைவிட்டு எடுக்கச் சொன்னது நிர்வாகம். "நான் ரிட்டயர் ஆகறதுக்குள்ள இவன் தேறலைன்னா, எனக்குச் சொல்லிக் குடுக்கத் தெரியலைன்னு அர்த்தம். அப்ப ரெண்டு பேரையும் சேர்த்தே அனுப்புங்க" என்றார் மேஜர்.

போன மாதம் அவர் ஓய்வு பெற்றார். சால்வை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து, கம்பெனி காரிலேயே அனுப்பிவைத்தோம். கேட்டில் முனிராஜ் கையை நீட்டி மறித்தான். காருக்குள் எட்டிப் பார்த்தான்.

"சார், கடிகாரத்துக்குப் பாஸ் இல்லீங்களே."

கூட வந்த மேனேஜர் கொதித்துப்போய், இவர் யாரென்று தெரிகிறதா என்று கேட்டார்.

"தெரியுதுங்க சார். யாரையும் விடாதன்னு சொன்னதே அவருதாங்க."

மேஜர் இறங்கினார். விறைப்பாக நின்று முனிராஜுக்கு அதே சல்யூட்டை அடித்தார். இந்த முறை கண்ணைத் துடைத்துக்கொண்டவர் அவர்தான்.

பாஸ் எழுத என்னைக் கூப்பிட்டார்கள். எங்களிடம் இரண்டு வகை பாஸ் உண்டு. ஒரேயடியாக வெளியே போகும் பொருளுக்கு ஒன்று. ரிப்பேருக்குப் போய்த் திரும்பி வரவேண்டியதற்கு இன்னொன்று. நான் இரண்டாவதில் எழுதிக் கொடுத்தேன்.

முனிராஜ் படித்துப் பார்த்தான். "சார், இதை ஒரு மாசத்துல திருப்பிக் கொண்டாரணும்."

மேஜர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "கொண்டாரேன்" என்றார்.

கடிகாரம் யாருக்கு வேண்டும்? அந்த மனுஷர் இன்னொரு தடவை இந்த கேட்டுக்குள் வரவேண்டும், அவ்வளவுதான்.