மூன்று வாரம் கேட்ட விமானி

கருணையைக் கட்டம் போட்டுப் படிவமாக அச்சடித்து வைத்திருக்கும் அலுவலகம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அதில் நான் பன்னிரண்டு வருடமாகக் குமாஸ்தா. ஒரு விமான நிறுவனத்தின் பயிற்சிப் பிரிவு அது. எங்களுக்கு ‘தேதி மாற்றப் பரிசீலனைக் குழு’ என்று பெயர். விமானி வேலைக்குத் தேர்வானவர்கள் பயிற்சியில் சேரும் தேதியைத் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்டால், நாங்கள் கனிவோடு பரிசீலிப்போம். இதுவரை ஒன்றைக்கூட ஏற்றதில்லை. கனிவு என்பது முடிவில் இல்லை, பரிசீலனையில்தான் இருக்கிறது.

அந்தப் பெண் வந்தது ஒரு வியாழக்கிழமை. அடுத்த திங்கட்கிழமை பயிற்சி தொடக்கம். இரண்டு முறை தேர்வில் தோற்று, மூன்றாம் முறை தேறியவள். அவளுடைய அப்பா லாரி ஓட்டுநர். நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். கூட இருக்க வேறு ஆள் இல்லை. இன்னும் இரண்டு மூன்று வாரம்தான் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். அதனால் மூன்று வாரம் கேட்டாள்.

குழுவில் தலைமைப் பயிற்சியாளரான கேப்டனும் பணியாளர் பிரிவு அம்மணியும் இருந்தார்கள். நான் குறிப்பெடுத்தேன்.

“‘தனிப்பட்ட காரணம்’னு மட்டும் எழுதியிருக்கீங்க. கொஞ்சம் விளக்கணும்,” என்றார் அம்மணி.

அவள் விளக்கினாள். பாதியில் நிறுத்தினாள். தண்ணீர் குடித்துவிட்டு மீதியையும் விளக்கினாள்.

“இவ்வளவு பேர் முன்னாடி சொல்லிட்டா, அப்புறம் அது எப்படிம்மா தனிப்பட்ட காரணமாகும்?”

அம்மணியின் இந்த நுட்பம் எனக்கெல்லாம் ஏழு ஜென்மத்துக்கும் தோன்றாது.

“படிவத்துல கல்யாணம், பிரசவம், விபத்து, இதர. இந்த நாலுதான் இருக்கு,” என்றார் அம்மணி.

“இதரன்னு போட்டுக்கங்க மேடம்.”

“இதரவுக்கு மூணு நாள்தான்.”

கேப்டன் இளகிய மனசுக்காரர். “மூணு வாரத்துல முடிஞ்சிடும்னு டாக்டர் எழுதிக் கொடுப்பாராம்மா? தேதி போட்டு?”

“எது சார் முடியணும்?”

கேப்டன் சன்னலுக்கு வெளியே பார்த்தார். அங்கே எங்கள் விமானம் ஒன்று நாற்பது நிமிடம் தாமதமாக, மிகுந்த மிடுக்கோடு நகர்ந்துகொண்டிருந்தது.

“திங்கட்கிழமை வரலைன்னா உங்க இடம் அடுத்தவருக்குப் போயிடும்,” என்றார். “அடுத்த பயிற்சி அணி எப்பன்னு எங்களுக்கே தெரியாது. வேணும்னா அப்பாவையே கேட்டுப் பாருங்களேன்.”

“அவரைக் கேட்டா ‘போ’ன்னுதான் சொல்லுவாரு. அதான் அவரைக் கேக்காம உங்களைக் கேக்க வந்தேன்.”

திங்கட்கிழமை வந்துவிட்டாள். சேரும்போது ஓர் உறுதிமொழி எழுதித் தர வேண்டும்: ‘எனக்கு மனக்கவலை ஏதும் இல்லை, முழுக் கவனத்தோடு இருக்கிறேன்.’ பாதுகாப்பு எங்கள் உயிர்மூச்சு. அவள் பேனா எழுத மறுத்தது. என்னுடையதைக் கொடுத்தேன். கருணை மேலதிகாரிகளுக்கு மட்டும் சொந்தமில்லை.

மூன்றாம் நாள் காலை வகுப்பைக் கேப்டனே எடுத்தார். “மனசு சரியில்லாத விமானி, ‘இன்னிக்கு என்னால ஓட்ட முடியாது’ன்னு தயங்காம சொல்லணும். அதுதான் வீரம்,” என்றார். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். அவளும் எழுதிக்கொண்டாள்.

எல்லோருடைய போன்களும் தகரப் பெட்டியில். பெட்டி, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த என் மடியில். பத்தரை மணிக்கு உள்ளே ஒன்று அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. மூடியைத் தூக்கிப் பார்த்தேன். ‘ஆஸ்பத்திரி நர்ஸ் அக்கா’ என்று திரையில் இருந்தது. நிமிர்ந்தேன். அவள் திரும்பி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடைவேளைக்கு முன் போன் கொடுக்கக் கூடாது என்பது விதி. வகுப்புக்குத் தொந்தரவு வேண்டாமே என்று கைக்குட்டையை மடித்து உள்ளே வைத்து மூடினேன். பதினொரு முறை அடித்தது. பன்னிரண்டு மணிக்குப் போனை வாங்கியவள், யாரோடோ இரண்டு வார்த்தை பேசினாள். பையைக்கூட எடுக்காமல் படியிறங்கிப் போனாள்.

வெள்ளிக்கிழமை மறுபடி விண்ணப்பத்தோடு வந்தாள். காரியங்கள் மிச்சம் இருக்கின்றன, ஒரு வாரமாவது வேண்டும் என்றாள்.

“ரொம்ப வருத்தமா இருக்கும்மா,” என்றார் அம்மணி. உண்மையிலேயே வருத்தமாகத்தான் இருந்தார். “ஆனா நீங்க கேட்டது அப்பா கூட இருக்கறதுக்கு. இப்ப அந்தக் காரணமே இல்லையே.”

‘காரணம் காலாவதி’ என்று குறித்துக்கொண்டேன். அவள் அந்த எழுத்துகளைத் தலைகீழாகவே படித்துவிட்டு எழுந்து போனாள்.

அன்று மாலை கேப்டன் என் மேசைக்கு வந்தார். “அணியை மூணு வாரம் தள்ளி வெச்சிடுப்பா. நான் ஊர்ல இருக்க மாட்டேன்.”

“காரணம்னு என்ன சார் போடட்டும்?”

“பர்சனல்.”

அம்மணி டீ ஆறுவதற்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இதுவரை எங்கள் அலுவலகத்தில் எந்தக் காகிதமும் அவ்வளவு வேகமாகப் பறந்ததில்லை.

எல்லோருக்கும் தகவல் சொல்வது என் பொறுப்பு. அவள் முதல் மணியிலேயே எடுத்தாள்.

“நல்ல செய்திம்மா. பயிற்சி மூணு வாரம் தள்ளிப் போயிருக்கு. நீங்க நிம்மதியா வீட்டுல இருக்கலாம்.”



“யாரு கூட சார்?” என்றாள்.

நான் போனை வைத்துவிட்டு அவளுடைய கோப்பை எடுத்தேன். ‘கோரியது: மூன்று வாரம். வழங்கியது: மூன்று வாரம்’ என்று அழகாக எழுதினேன். அதற்குக் கீழே ‘தாமதத்துக்குப் பொறுப்பானவர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. மிகவும் சின்னக் கட்டம். மூன்று பேர் கொள்ளாது. காலியாக விட்டுவிட்டேன்.