சிரிக்கிற வாய் ஈக்வலைசர்

உக்குவளை,
சனிக்கிழமை.

கடல் கடந்து தோஹாவில் உழைக்கும் பேரன்பு மருமகன் இப்ஹாமுக்கு, மாமா பலீல் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கு எல்லாரும் சுகம், என் மானத்தைத் தவிர. இந்தக் காலத்தில் கடுதாசியா என்று கேட்பாய். இனி நான் போனைத் தொடக்கூடாது என்று என் மகள் நுஸ்ரா தீர்ப்பு வழங்கிவிட்டாள். காரணத்தை நானே சொல்கிறேன். மற்றவர்கள் கூட்டிச் சொல்வார்கள்.

வெள்ளிதோறும் நீ அனுப்பும் குரல் செய்தியைக் கேட்டுவிட்டு உன் உம்மா, "கேக்குதில்ல நாநா, இன்னொருக்காப் போடுங்க" என்று போனை என்னிடம் நீட்டுவாள். ஏழு தரம் போடுவேன். தங்கச்சிக்குக் காது போய்விட்டதே என்று நான் அழுததில் சுது கங்கை ஓரடி உயர்ந்தது. ஆகவே நீ தந்த சவுண்ட் செட்டோடு போனைப் பொருத்தி, உன் குரலைத் துலக்க, ஓசையின் அடி, நடு, உச்சியைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் ஈக்வலைசர் ஒன்றும் வாங்குவதென்று மாத்தளை டவுன்மீது படையெடுத்தேன்.

கடைக்கார சசிக்குமார் ஐந்து குமிழ் வைத்த சின்னப் பெட்டியைக் காட்டி, "பேச்சு தெளிவா கேக்கணும்னா இது போதுங்க ஹாஜியார், நடுவுல உள்ளத மட்டும் கொஞ்சம் ஏத்துங்க" என்றான். ஐந்தா! நமது குடும்பத்துக்கு ஐந்தா! மேல்தட்டில் முப்பத்தொரு குமிழ்களோடு, விமானமே ஓட்டலாம் போல ஒன்று இருந்தது.

"அது மேடைக் கச்சேரிக்குங்க."

"அதையே கட்டுங்க."

வீட்டுக்கு வந்தால் எந்தக் குமிழை எங்கே தள்ளுவதென்று தெரியவில்லை. சசிக்குமாரிடம் திரும்பிப் போக ரோசம் விடவில்லை. இரத்தோட்டை பஸ் ஓட்டும் றஹீமைக் கேட்டேன். அவன் பஸ்ஸுக்கு அரை மணி முன்பே அதன் பாட்டு வந்து சேரும். "லேசு மாமா. ரெண்டு ஓரத்தையும் மேல தூக்குங்க, நடுவ கீழ இறக்குங்க. சிரிக்கிற வாய் மாதிரி வரணும்." வந்தது, பல்லெல்லாம் தெரிய. சோதித்துப் பார்க்கப் பாட்டு இறக்கினால் போனில் இடமில்லையாம். பழைய குரல் செய்திகள்தானே, உன் உம்மாவுக்குத்தான் கேட்காதே என்று பதினெட்டையும் அழித்தேன்.

பைலாப் பாட்டு ஒன்று போட்டேன். தூரத்துப் பலாபத்வலை ஊர்க் கோழிகளெல்லாம் நேரங்கெட்ட நேரத்தில் முட்டையிட்டனவாம். பிறகு நேற்று வந்த உன் செய்தியைப் போட்டேன். மூச்சு விடுவது கேட்டது, வயிற்றுக்குள் இடி இடித்தது; பேச்சை மட்டும் காணோம். மனிதக் குரல் நடுக் குமிழ்களில்தான் இருக்குமாம். நான் அதைத்தான் குழி தோண்டிப் புதைத்திருந்தேன்.

"அத விடுங்க நாநா, போன்லயே பழசப் போடுங்க" என்றாள் உன் உம்மா. அழித்ததைச் சொன்னேன். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். எழுந்து குசினிக்குப் போய்விட்டாள். மகனே, முப்பத்தொரு குமிழையும் என் தலையிலேயே திருகலாம். உன் போனில் அவை மிச்சமிருந்தால் அனுப்பிவிடு. நான் வேறெதுவும் கேட்கவில்லை.

வல்ல நாயன் உன் ஆயுளை நீட்டி, என் கையைக் கொஞ்சம் குட்டையாக்குவானாக.

தலை குனிந்த மாமா,
பலீல்

பி.கு.: உறையை ஒட்டுமுன் இதை மெல்லிய குரலில் வாசித்துப் பார்த்தேன். குசினியிலிருந்து குரல் வந்தது: "பதினெட்டில்ல நாநா, பத்தொம்பது." பிறகு வெங்காயம் அரிந்துகொண்டே, நீ இருமிய இடத்தில் தானும் இருமி, பத்தொன்பதையும் ஒப்புவித்தாள்.

"அப்ப ஒனக்குக் காது கேக்குதா புள்ள?"

"எப்பயும் கேக்குது. கேட்டுட்டேன்னு சொன்னா திருப்பிப் போடுறத நிப்பாட்டிருவீங்கதானே?"

பழையதை அனுப்ப வேண்டாமாம். இனி கொஞ்சம் நீளமாகப் பேசச் சொன்னாள்.