பூஸ்டர் ஏறிய மாமனார்

படம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறவன், அது யார் யாருக்கெல்லாம் தெரிகிறது என்பதையும் கொஞ்சம் எட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தப் பொன்மொழி என் சொந்தச் சரக்கு. இதைக் கண்டுபிடிக்க என் கல்யாணத்தையே பணயம் வைக்க வேண்டியிருந்தது.

எண்பதுகளில் நடந்த கதை. போர்ட் பிளேயருக்கு டிவி வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. நான் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், ஹட் பே என்கிற ஊருக்குப் போகிற போட்டுக்கு டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தா. (வெளியூர்க்காரர்களிடம் 'பையன் ஷிப்பிங்கில் இருக்கான்' என்று அம்மா சொல்வாள். கேட்பவர்கள் என்னைக் கேப்டன் என்று நினைத்துக்கொண்டால் அதற்கு அவள் பொறுப்பில்லை.) அப்பா, காடு வெட்டிக் குடியேறிய காலத்திலேயே அரசாங்க வேலை கிடைத்து ராமநாதபுரத்திலிருந்து வந்தவர். குட்வில் எஸ்டேட்டில் இரண்டு அறை வீடு எங்களுக்கு.

என் தாய்மாமா வெளிநாட்டுக் கப்பலில் வேலை பார்த்தார். ஒரு தடவை சிங்கப்பூரிலிருந்து ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர் வாங்கி வந்து என் கையில் கொடுத்தார். பார்க்கத் தடித்த டைப்ரைட்டர் போலிருக்கும். அதற்கென்று திரை கிடையாது, டிவியோடு இணைக்க வேண்டும். இணைத்தால் திரை முழுக்க ரவையைக் கொட்டியது மாதிரி புள்ளிகள். அந்த ரவைக்குள் எங்கேயோ எழுத்து இருக்கும். நான் அடித்ததைப் படிக்க எனக்கே முடியாது. அடித்தவன் என்பதால் ஊகித்துக்கொள்வேன்.

இந்த லட்சணத்தில் அப்பா, திண்டுக்கல்லில் பெண் பார்க்கும்போது, "பையன் கம்ப்யூட்டர்ல புலி" என்று சொல்லி வைத்துவிட்டார். பெண்ணின் பெயர் செல்வி. அவள் அப்பாவுக்கு இரும்புக்கடை. "அந்தமானுக்குப் பொண்ணு கொடுக்கிறதும் ஜெயிலுக்கு அனுப்புறதும் ஒண்ணுதான்" என்று சொந்தக்காரர்கள் கிளப்பிவிட, மனிதர் நேரில் பார்த்தே தீருவது என்று தன் அக்கா பாக்கியத்தம்மாளுடன் மெட்ராஸில் கப்பல் ஏறிவிட்டார். எங்கள் வீட்டில் இடமில்லாததால் இரண்டு பேரும் பக்கத்து வீட்டு வங்காளி பிஸ்வாஸ் தாதா (தாதா என்றால் அவர்கள் பாஷையில் அண்ணன்) வீட்டில் தங்கினார்கள். எங்கள் தீவில் இது சகஜம். விருந்தாளி ஒரு வீட்டுக்கு, கட்டில் இன்னொரு வீட்டில்.

சனிக்கிழமை ராத்திரி எங்கள் வீட்டில் சாப்பாடு. சூரை மீன் குழம்பு.

"கடலாவது கிடலாவது. எனக்கு ஒண்ணுமே ஆகல தம்பி. கப்பல்ல பாதிப் பேரு சுருண்டு படுத்துட்டான். நான் தூணு மாதிரி நின்னேன்ல" என்றார் செல்வியின் அப்பா, எட்டாவது சப்பாத்தியைப் பிய்த்தபடி. பாக்கியத்தம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் கப்பலின் சமையல்காரர் எனக்குத் தெரிந்தவர். தூண் எப்படி நின்றது என்பதை அன்று காலையே ஜெட்டியில் விவரமாகச் சொல்லியிருந்தார்.

கை கழுவிவிட்டு அவர் சொன்னார்: "நாளைக்குச் சாயங்காலம் அந்தக் கம்ப்யூட்டரையும் பாத்துருவோம். திங்கக்கிழமை கப்பல். ஏறுறதுக்குள்ள சரியா வருமா வராதான்னு சொல்லிருவேன்."

செல்வியின் போட்டோவை நான் ஏற்கெனவே பர்ஸில் வைத்துக்கொண்டுவிட்டேன். திருப்பிக் கொடுக்கும் உத்தேசமே இல்லை. அந்த ரவையைக் காட்டினால் போட்டோ கையை விட்டுப் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஊரே டிவியில் புராணத் தொடர் பார்க்கும் நேரம். எங்கள் டிவியை நான் கம்ப்யூட்டருக்காகப் பறித்துக்கொண்டதால் அப்பாவும் அம்மாவும் தாதா வீட்டுக்குப் போய்விட்டார்கள். தாதா வீட்டில் கலர் டிவி. அவர் மனைவியை நாங்கள் பௌதி, அதாவது அண்ணி, என்போம். பௌதி டிவிக்கு மாலை போட்டு ஊதுபத்தி ஏற்றியிருப்பார்.

நான் தனியாக உட்கார்ந்து மூளையைக் கசக்கினேன். உப்புக்காற்றில் ஆன்டெனா ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது என்பதால் நாலு வீட்டுக்கும் சேர்த்து எங்கள் முற்றத்தில் ஒரே கம்பம். ஆன்டெனா ஒயர் எங்கள் வராந்தாவில் இருந்த பூஸ்டர் என்கிற சின்னப் பெட்டிக்குள் போகும். அது படத்தைப் பலப்படுத்தி நாலு ஒயராகப் பிரித்து நாலு வீட்டுக்கும் அனுப்பும். டிவி படத்தைப் பூஸ்டர் தெளிவாக்குகிறது என்றால் கம்ப்யூட்டர் படத்தை ஏன் தெளிவாக்காது?

ஆன்டெனா ஒயரைப் பூஸ்டரிலிருந்து பிடுங்கினேன். அந்த இடத்தில் கம்ப்யூட்டர் ஒயரைச் செருகினேன். எங்கள் டிவியில் சேனல் குமிழ் ஒரே இடத்தில் இறுகிப்போயிருந்ததால் (இருப்பது ஒரு ஸ்டேஷன், யார் திருகுவது?), கம்ப்யூட்டர் பக்கம் இருந்த திருகாணியை ஸ்க்ரூடிரைவரால் மெல்லத் திருப்பி, டிவி நிகழ்ச்சி வரும் அதே சேனலுக்குக் கொண்டுவந்தேன். ரவை மறைந்தது. திரை துடைத்துவிட்டது போல இருந்தது. நான் ஒரு மேதை என்பதில் அந்த நிமிஷம் எனக்குச் சந்தேகமே இல்லை. (நாலு ஒயர் நாலு வீட்டுக்குப் போவது மேதைக்கு மறந்துவிட்டது.)

எழுத்து எப்படி விழுகிறது என்று பார்க்க ஏதாவது அடிக்க வேண்டுமே. இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக இரண்டு வரி அடித்தேன்:

மாமனார் கப்பலில் வாந்தி
கரையிலே எட்டுச் சப்பாத்தி

அது திரும்பத் திரும்ப ஓடும்படி ஆணை கொடுத்தேன். முதல் வரிக்குப் பச்சை, இரண்டாவதுக்குச் சிவப்பு என்று கலர் வேறு. எங்களுடையது கறுப்பு வெள்ளை டிவி, இருந்தாலும் ஒரு கலைஞனின் திருப்தி. பக்கத்து வீட்டில் சத்தம் கேட்டது. அரக்கன் செத்துவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அங்கே நடந்ததை அம்மா பிற்பாடு சொன்னாள். வில்லிலிருந்து அம்பு புறப்பட்டிருக்கிறது. போய்ச் சேரவில்லை. அதற்குப் பதில் கொஞ்ச நேரம் ரவை, அப்புறம் வரிசை வரிசையாக மாமனாரும் வாந்தியும் மேலே ஏறிக்கொண்டே இருந்தார்கள். தாதா டிவி தலையில் இரண்டு தட்டு தட்டிவிட்டு, "அரே, யே க்யா லிக்கா ஹை?" (என்ன எழுதியிருக்கு?) என்று கேட்க, செல்வியின் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்திருக்கிறார். இரண்டாவது வரி முடிந்த பிறகுதான் அவருக்கு அர்த்தம் உறைத்திருக்கிறது.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டியபடி ஓடி வந்தார். "டேய், அதை அணைடா. தாதா வீட்டுல பச்சைக் கலர்ல ஓடிட்டிருக்கு."

அணைத்துவிட்டு, தூக்குமேடைக்குப் போகிறவன் போல தாதா வீட்டுக்குப் போனேன். செல்வியின் அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எத்தனை தடவை அடிச்ச?"

"ஒரு தடவைதான் மாமா. அதுவே திரும்பத் திரும்ப அடிச்சுக்கும்."

"நிக்கவே நிக்காதா?"

"நாம நிறுத்தினாத்தான் நிக்கும்."

"அப்படியே உன்னைய மாதிரிதாண்டா" என்றார் பாக்கியத்தம்மாள் தம்பியைப் பார்த்து. அதற்கு மேல் அவரால் அடக்க முடியவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அந்தப் பையன் என்ன இல்லாததையா எழுதிட்டான்? என் மடியிலதானடா வாந்தி எடுத்த? புதுச் சீலை."

தாதா, "க்யா போலா? க்யா போலா?" என்று, அந்த அம்மா என்ன சொன்னார் எனக் கேட்டு அப்பாவைத் துளைத்தார். அப்பா வேறு வழியில்லாமல், தரையைப் பார்த்துக்கொண்டு, "ஜஹாஜ் மே உல்ட்டி" என்று கப்பல் வாந்தியை இந்தியில் மொழிபெயர்த்தார். பௌதி பதறிப்போய் உள்ளே ஓடி எலுமிச்சை ஜூஸ் கொண்டுவந்து செல்வியின் அப்பாவிடம் நீட்டினார். அவர் அதை ஒரு சொட்டு விடாமல், நிதானமாகக் குடித்து முடித்தார். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான ஜூஸை நான் பார்த்ததில்லை.

"பொண்ணு தர்றேன்" என்றார் டம்ளரைக் கீழே வைத்து. "எங்க அக்கா சிரிச்சு ரொம்ப நாளாச்சு. ஆனா அந்தப் பெட்டி உங்க வீட்டுல இருக்கக் கூடாது. இன்னைக்கு என்னைய நாலு வீட்டுக்குக் காட்டிட்டான். நாளைக்கு எம்மக உப்பைக் கொஞ்சம் கூடப் போட்டா ஊருக்கே காட்டுவான். பெட்டி என்கூட கப்பல்ல வருது."

மறுநாள் நானே அதைப் பழைய போர்வையில் சுற்றி, கப்பலில் அவர் படுக்கைக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன். அது திண்டுக்கல் இரும்புக்கடையில் ஆணி மூட்டைகளுக்கு நடுவே கடைசிவரை உட்கார்ந்திருந்தது. அவரும் அதைத் தொடவில்லை, அடுத்தவரைத் தொடவும் விடவில்லை.

என் சிநேகிதர்கள் மாமனார் வீட்டில் ஸ்கூட்டர் வாங்கினார்கள், மோதிரம் வாங்கினார்கள். மாமனாருக்குச் சீர் அனுப்பிக் கல்யாணம் செய்துகொண்டவன் குட்வில் எஸ்டேட்டில் நான் ஒருவன்தான். இன்றைக்கும் வீட்டில் கல்யாணப் பேச்சு எழுந்தால், செல்வி வந்தவர்களுக்குக் காபியைக் கொடுத்துவிட்டு நிதானமாக ஆரம்பிப்பாள்:

"எங்க வீட்டுல அவருக்கு ஒண்ணும் போடலைங்க. அவருதான் ஒரு பெட்டியைக் கொடுத்து என்னையக் கட்டிக்கிட்டு வந்தாரு. அதுலயும் பாருங்க, படமே தெரியாத பெட்டி."