மீதி முப்பத்து மூன்று குதிரைகள்

ரத்தம் தடையின்றி ஓட வேண்டும் என்பது அரசின் கொள்கை. நோயாளியின் உடம்புக்குள் ஓடுவதை டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆஸ்டின் டவுன் ரத்தக் கிடங்கிலிருந்து, நீலசந்திராவைத் தாண்டியிருக்கும் ஆஸ்பத்திரிவரை ஓடுவதைப் பார்த்துக்கொள்ள 'அவசர ரத்த விரைவுப் போக்குவரத்துப் பிரிவு' என்று ஓர் அலுவலகம் இருந்தது. அதில் விரைவு என்பது தியோடர் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லோரும் பிரிவு.

பதினோரு வருடமாகத் தற்காலிக ஊழியர். முதுகில் ஐஸ் பெட்டி, கீழே ஓட்டை வண்டி. அந்த வண்டி ஒருநாள் நடுரோட்டில் உயிரை விட்டதும், புது வண்டி வாங்கக் குழு அமைத்தார்கள். குழுவின் முன் இரண்டு வண்டிகள் வந்து நின்றன.

ஒன்று நேக்கட் பைக். இன்ஜின் வெளியே தெரியும், ஹேண்டில் அகலம், நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டலாம். டார்க் ஜாஸ்தி, அதாவது கிளட்சை விட்டாலே இழுத்துக்கொண்டு கிளம்பிவிடும். இன்னொன்று ஸ்போர்ட்ஸ் பைக். உடம்பெல்லாம் பளபள பிளாஸ்டிக், டாங்க் மேல் குப்புறப் படுத்துத்தான் ஓட்ட வேண்டும். நாற்பத்திரண்டு குதிரைசக்தி உண்டு. ஆனால் நிமிடத்துக்குப் பதிமூன்றாயிரம் சுற்று, அதாவது பதிமூன்றாயிரம் ஆர்பிஎம்முக்கு இன்ஜினைக் கதறவிட்டால்தான் அவ்வளவும் வெளியே வரும்.

தியோடருக்கு ஏற்கெனவே மணிக்கட்டு வீக்கம். வாங்கப்போகிற வண்டியில் இன்னும் பத்து வருடம் உட்காரப்போவது தன்னுடைய உடம்பு என்பதால், துணிந்து வாயைத் திறந்தார்.

"சார், நேக்கட் போதும் சார். சிக்னல்ல லேசா இழுக்கும், சந்துல மடக்கி எடுக்கலாம். அந்த வண்டி ஹேண்டில் பாதிதான் திரும்புது."

துணை இயக்குநர் உமேஷ் நேக்கட் பைக்கை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கன்னடம் கலந்து கேட்டார். "ஏன்ரீ, இதுக்கு மேல்மூடி எப்ப வருது?"

"வராது சார். இது இப்படித்தான்."

"இன்ஜினே வெளிய தெரியுது. வேலை முடியாத பொருளை டெலிவரி எடுக்க ரூல்ஸ்ல இடம் இல்ல."

இருந்தாலும் நாளைக்கு ஒருவரும் குறை சொல்லக்கூடாதே? ஒப்பீட்டுச் சோதனைக்கு உத்தரவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்கு, ஈ காக்கை இல்லாத மேம்பாலத்தில்.

"சார், ரிச்மண்ட் சர்க்கிள்ல மத்தியானம் பன்னண்டு மணிக்கு ஓட்டிப் பாருங்க சார்," என்றார் தியோடர்.

"அங்க எல்லா வண்டியும் ஒரே ஸ்பீடு. வித்தியாசம் எப்படிப்பா தெரியும்?"

ஞாயிற்றுக்கிழமை காலி மேம்பாலத்தில் இரண்டும் பறந்தன. ஸ்போர்ட்ஸ் பைக் ஜெயித்தது.

அடுத்த ஆறு மாதம் தியோடர் பட்ட பாடு அவருடைய தொடைக்குத்தான் தெரியும். மெதுவாகப் போனால் வண்டி விக்கிக்கொண்டு நின்றது, நின்றால் இன்ஜின் சூடு மேலே அடித்தது. நீலசந்திரா சந்துகளில் திருப்ப முடியாமல் மெயின் ரோட்டையே சுற்றினார். இருபத்தைந்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்த ரத்தம் இப்போது ஐம்பது நிமிடம் எடுத்தது. ஒருநாள் பிரசவ வார்டு நர்ஸ் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் உள்ளே ஓடினாள். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு தணிக்கை வந்தது. தணிக்கை அதிகாரி வீணா, வண்டியின் கம்ப்யூட்டரில் ஒரு வயரைச் செருகிப் பார்த்துவிட்டு தியோடரைக் கூப்பிட்டார்.

"ஆறு மாசத்துல நீங்க ஒரு தடவைகூட நாலாயிரம் ஆர்பிஎம் தாண்டல. டிபார்ட்மென்ட் வாங்கினது நாப்பத்திரண்டு குதிரை. நீங்க யூஸ் பண்ணது ஒன்பது. மீதி முப்பத்து மூணு எங்க?"

"வண்டிக்குள்ளதான் மேடம் இருக்கு."

"ஆறு மாசமாவா?"

"ரோடு விடல மேடம்."

"ரோடு வேற டிபார்ட்மென்ட்."

மேற்படி முப்பத்து மூன்று குதிரைகளை மார்ச் முப்பத்தொன்றுக்குள் முழுமையாகப் பயன்படுத்தாவிட்டால், மேற்படி ஊழியரின் பணி நிரந்தரக் கோப்பு நிறுத்தி வைக்கப்படும் என்று குறிப்பு எழுதினார். பதினோரு வருடம் காத்திருந்த கோப்பு அது. தியோடர் குறிப்பை எடுத்துக்கொண்டு உமேஷிடம் ஓடினார்.

உமேஷ் வழி கண்டுபிடித்தார். தினமும் பதினொன்றிலிருந்து ஒரு மணிவரை, அலுவலக வாசலில் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, பதிமூன்றாயிரம் வரைக்கும் ஆக்ஸிலேட்டரை முறுக்க வேண்டும். முறுக்கியதற்குப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும்.

"அப்ப ரத்தம் சார்?"

"டொமினிக் கொண்டுபோகட்டும்."

"எந்த வண்டியில சார்?"

"வண்டிதான் இங்க பிஸியா இருக்கே!"

அட்டெண்டர் டொமினிக் ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, சந்து சந்தாகப் புகுந்து நடந்தே போனார். இருபத்திரண்டு நிமிடம். 'உயர்திறன் வாகனம் முழுத் திறனில் இயக்கப்பட்டதன் விளைவாக விநியோக நேரம் பாதிக்குமேல் குறைந்துள்ளது' என்று அறிக்கை மேலே போனது. இன்னும் பத்து வண்டிகளுக்கு அனுமதி கிடைத்தது. அதற்கு இன்னும் பத்துப் பேர் நடக்க வேண்டும் என்பதை மட்டும் கோப்பில் ஒருவரும் எழுதவில்லை.

சத்தம் கேட்டு வாசலில் கூட்டம் கூடியது. ரத்தம் கேட்டு வந்தவர்கள்கூட, டாக்டர் சீட்டைச் சட்டைப்பையில் திணித்துவிட்டு செல்போனை எடுத்தார்கள். "பவர்னா இது!" என்று கை தட்டினார்கள். முதல் வாரம் தியோடர் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டார். மூன்றாவது வாரம் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வந்தார்.

ஏப்ரலில் பணி நிரந்தரம் ஆனது. முறுக்குவது தியோடருக்கு, ரத்தம் தூக்குவது டொமினிக்குக்கு என்று அதுவும் நிரந்தரமாகிவிட்டது. சொந்தமாக ஒரு வண்டி வாங்கலாம் என்று மனைவி குளோரியாவோடு ஷோரூமுக்குப் போனார்.

"கை வீங்கிக் கெடக்கு. நீங்க சொல்வீங்களே, அந்த இழுக்குற வண்டி, அதையே எடுங்க," என்றாள் குளோரியா.

நேக்கட் பைக்கை ஒரு தெரு ஓட்டிப் பார்த்தார். கிளட்சை விட்டதும் வெண்ணெய்போல இழுத்தது. மணிக்கட்டு வலிக்கவே இல்லை. தியோடருக்குக் கண் கலங்கியது. இதுதான், இதேதான் என்று திரும்பி வந்து இறங்கினார்.

விற்பனைப் பையன் லாயிட் அவரையே உற்றுப் பார்த்தான். "அண்ணா, நீங்க அந்த வீடியோ அண்ணாதான? பதிமூணாயிரம்! நீங்க போயி இந்த வண்டியிலயா?"

அதற்குள் நாலு பேர் செல்போனைத் தூக்கிவிட்டார்கள். தியோடர் வயிற்றை எக்கிக்கொண்டார்.

"சும்மா ஓட்டிப் பாத்தேன்பா. அந்த மூடி போட்டதை எடு."

அன்று சாயங்காலம் ஆஸ்டின் டவுன் சிக்னலில் அரைமணி நேரமாக ஒரு வண்டியும் நகரவில்லை. தியோடர் டாங்க் மேல் குப்புறக் கிடந்தார். பின்சீட்டின் உச்சியில் குளோரியா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அண்ணா, ஒரு தடவை முறுக்குங்கண்ணா!" என்று பக்கத்து வண்டிக்காரன் கேட்டான். முறுக்கினார். அவனும் முறுக்கினான். சுற்றி நின்ற பத்துப் பதினைந்து பேரும் முறுக்கினார்கள்.

நெருக்கி நின்ற வண்டிகளுக்கு அந்தப் பக்கம், ரோட்டைக் கடக்க வழியில்லாமல் டொமினிக் நின்றுகொண்டிருந்தார். தோளில் ஐஸ் பெட்டி. வாயைத் திறந்து என்னவோ கத்தினார். இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்.

இவனும் நம் ரசிகனாகிவிட்டான் என்று தியோடருக்குப் பெருமை தாங்கவில்லை. வீங்கிய கையாலேயே கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டு, பதிமூன்றாயிரத்துக்கு முறுக்கினார்.