நாலாவதாக நின்ற கொள்ளுத்தாத்தா

எனக்குப் பெருமை பேசுகிற வியாதி உண்டு. அதற்கு மருந்து கிடையாது, மனைவிதான் உண்டு. அவள் எனக்கு வாய்த்த கதையைச் சொன்னால் வியாதியின் முழு லட்சணமும் விளங்கிவிடும்.

வெள்ளைக்காரன் ஆண்டுகொண்டிருந்த காலம். திருமுல்லைவாயிலில் எங்கள் வீடு. எனக்கு இருபத்துமூன்று வயது. ஆவடிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வாத்தியார். (நாற்பது பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்பார்கள். வியாதி முற்றுவதற்கு வேறென்ன வேண்டும்?)

வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய போட்டோ மாட்டியிருந்தது. அதில் நாலு பேர். மூன்று பேர் என் கொள்ளுத்தாத்தாவும் அவருடைய தம்பிகள் இருவரும். இடுப்பில் வேட்டி, தோளில் துண்டு, முகத்தில் பீதி. நாலாவது ஆள் மட்டும் கோட்டு, தலைப்பாகை, கைத்தடி சகிதம் ஜமீன்தார் மாதிரி நிற்பார். அவர் யாரென்று நைனாவுக்கே தெரியாது. ஆகவே நானே முடிவு செய்தேன். அவர் கொள்ளுத்தாத்தாவின் மூத்த அண்ணன். அடைமழையில் ஏரி உடையப் போனபோது மதகில் குறுக்கே படுத்து வெள்ளத்தைத் தடுத்தவர். (கோட்டைக் கழற்றிவிட்டுத்தான் படுத்தார். யாராவது கேட்பார்களென்று அதையும் யோசித்து வைத்திருந்தேன்.) நாளடைவில் அம்மா அவருக்குக் குங்குமம் வைக்க ஆரம்பித்தாள். நைனாவும் நம்பினார். கடைசியில் நானே நம்பிவிட்டேன்.

அந்த வருஷம் காட்டுப்பாக்கத்துக்குப் பெண் பார்க்கக் கிளம்பினோம். போட்டோவைக் கழற்றிப் போர்வையில் சுற்றி வண்டியில் வைத்தேன்.

"பொண்ணு பாக்கப் போறமா, ஊடு மாத்திக்கினு போறமா? அது இன்னாத்துக்குடா?" என்றார் நைனா.

"நம்ம வம்சம் இன்னான்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா நைனா?"

பெண்ணின் பெயர் செங்கமலம். காப்பியை நீட்டும்போது ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அதற்கு முன் நாலு இடத்தில் பெண் பார்த்து எல்லாவற்றுக்கும் நொட்டை சொன்னவன் நான். அன்றைக்கு, இவள் இல்லையென்றால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று தோன்றிவிட்டது. வாயை மூடிக்கொண்டு சொஜ்ஜியைத் தின்றிருக்கலாம். நான் போர்வையைப் பிரித்தேன்.

மதகுக் கதையை நான் சொல்லச் சொல்ல, பெண்ணின் அப்பா ஏகாம்பரத்தின் முகம் மாறிக்கொண்டே வந்தது. உள்ளே போய் இன்னொரு போட்டோவைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அதிலும் நாலு பேர். மூன்று பேரை எனக்குத் தெரியாது. நாலாவது ஆள் எங்கள் கோட்டுக்காரர்.

"இவரு எங்க தாத்தாவோட மூத்த அண்ணன். கலெக்டர் தொரையோட ஒரே வண்டியில போனவரு" என்றார்.

நைனா விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார். "அப்போ உங்க தாத்தாவும் எங்க தாத்தாவும் கூடப் பொறந்தவங்க. நாம பங்காளிங்க."

"ஐயையோ, பொண்ணு பையனுக்குத் தங்கச்சி முறை ஆவுதே!" என்றார் ஏகாம்பரம்.

அதுவரை சம்பந்தி, சம்பந்தி என்று குழைந்தவர்கள் ஒரு நொடியில் அண்ணன் தம்பி ஆகிவிட்டார்கள். செங்கமலத்தின் அம்மா பரிதாபப்பட்டு, "பையனுக்கு இன்னோரு பஜ்ஜி வையிம்மா, அண்ணன்தானே" என்றாள். அந்த பஜ்ஜியை நான் எப்படி விழுங்கினேன் என்பது எனக்கும் என் தொண்டைக்கும்தான் தெரியும்.

'அவர் யாரென்றே எனக்குத் தெரியாது, நானாகக் கட்டிவிட்ட கதை' என்று சொல்லியிருந்தால் போதும். நாற்பது பிள்ளைகளை அதட்டுகிற வாய், திறக்கவில்லை. நைனா போட்டோவை மறுபடி போர்வையில் சுற்றப் போனார்.

"அப்பா, கொஞ்சம் இருங்க" என்று கதவுக்குப் பின்னாலிருந்து செங்கமலத்தின் குரல் வந்தது. "ரெண்டு படத்துலயும் கோட்டு ஒண்ணுதான் கீது. மூணாவது பொத்தான் ரெண்டுலயும் இல்ல."

மாப்பிள்ளை பார்க்க வந்திருந்த பக்கத்து வீட்டு அந்தோணியம்மா எட்டிப் பார்த்தார். "அட, இந்தாளு எங்க ஊட்லயும் கீறாரே!" என்று ஓடிப்போய்த் தன் வீட்டுப் படத்தை எடுத்துவந்தார். கழுத்தில் ஜெபமாலையோடு மூன்று பேர். நாலாவதாக, பொத்தானில்லாத கோட்டு.

"பெரிய தாத்தா எப்போ கிறிஸ்து வேதத்துல சேந்தாரு?" என்று நைனா அதிர்ந்துபோய்க் கேட்டார்.

அந்தோணியம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "மூணு பேரா நின்னு போட்டோ புடிச்சா ஒருத்தர் செத்துப் பூடுவாங்கன்னு அந்தக் காலத்துல பயம். அதுக்காவ போட்டோக்காரர் தன் வண்டிக்காரனுக்கே கோட்டு மாட்டி, நாலாவதா நிக்க வெப்பாராம். எங்க மாமனாரு சின்னப்புள்ளையில கண்ணால பாத்தாராம்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். செங்கமலம் கதவுக்கு முன்னால் வந்தாள். "அப்போ அந்த மதகு?" என்றாள். என்னிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"அது... நானே சொல்லிக்கினதுங்க."

ஏகாம்பரம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "கலெக்டர் வண்டியும் கொஞ்சம் அப்படித்தான்." பிறகு மகள் பக்கம் திரும்பினார். "இந்தப் புளுகனைக் கட்டிக்கிறியாம்மா?"

"உங்களோட இத்தினி வருசம் இருந்துட்டேனேப்பா" என்றாள் அவள்.

தை மாதத்தில் கல்யாணம். நான், செங்கமலம், நைனா மூவரும் போட்டோவுக்கு நின்றதும் அந்தோணியம்மா கூச்சல் போட்டு, எங்கள் வண்டிக்காரர் முனியனை இழுத்துவந்து நிறுத்தினார். என் கல்யாணக் கோட்டு அவர் உடம்புக்குப் போனது. இன்றைக்கும் படத்தைப் பார்க்கிறவர்கள் முனியனைத்தான் மாப்பிள்ளை என்கிறார்கள். பழைய கோட்டுக்காரரையும் நாங்கள் இறக்கவில்லை. 'நம்மள சேத்து வெச்ச மனுசன்' என்று செங்கமலம் இன்றும் குங்குமம் வைக்கிறாள்.

என் வியாதியை அடக்க வீட்டில் ஒரு கேள்வி நிரந்தரமாகிவிட்டது. நான் எதையாவது கொஞ்சம் ஊதிச் சொன்னால் போதும், பேரப்பிள்ளைகள் வரை, "மூணாவது பொத்தான் எங்க?" என்று கேட்கிறார்கள்.

இதை எழுதி முடித்ததும் செங்கமலத்துக்குப் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி பொறுமையாகக் கேட்டாள்.

"எல்லாம் சரி. நான் ஒரே ஒரு தடவதான் நிமிந்து பாத்தேன்னு எழுதிக்கீறியே," என்றாள், "மூணாவது பொத்தான் எங்க?"

சரி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அவள் என்னைப் பார்க்கவே இல்லை. போர்வையைப் பிரித்ததும் போட்டோவைத்தான் பார்த்தாள்.