முதல்வர் பார்த்த சாம்பிள்

கல்லூரியில் படிப்பவர்கள் ஆன்லைன் வகுப்பை ஆதரித்து எவ்வளவு உயர்வான காரணம் சொன்னாலும் நம்பாதீர்கள். உண்மையான காரணம் போர்வை.

பி.காம். இரண்டாம் ஆண்டில் எங்கள் வகுப்பே போர்வைக் கட்சிதான். சனிக்கிழமை வகுப்புகளை ஆன்லைனில் வைப்பதா, நேரிலேயே நடத்துவதா என்று முடிவு செய்ய முதல்வர் கல்லூரி முழுவதற்கும் ஒரு வீடியோ மீட்டிங் கூட்டினார். ஆன்லைன் பக்கம் பேச என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். (பேச்சுத் திறமைன்னு நெனைச்சுராதீங்க. எங்க ஊட்டு வைஃபைதான் கட்டாகாது.)

எதிர்ப்பக்கம் ஒரே ஆள், என் தோழி ஜெனிபர். பனியன் கம்பெனி வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம். அவள்தான் முதலில் பேசினாள்.

"எங்க வீட்டுல ஒத்த ரூம்தான் சார். அம்மா நைட் ஷிப்ட் முடிச்சுட்டு பகல்லதான் தூங்குவாவ. நான் வாயத் தொறந்து பதில் சொன்னா எந்திரிச்சிருவாவ. எனக்கு காலேஜ்தான் சார் வசதி."

எனக்கு மனம் இளகத்தான் செய்தது. ஆனாலும் சனிக்கிழமைத் தூக்கத்தை விட்டுக்கொடுக்கும் அளவுக்கு இளகவில்லை.

என் முறை வந்தது. அப்பா ஜட்டி தைக்கும் சின்ன யூனிட் வைத்திருக்கிறார். கீழே யூனிட், மேலே வீடு. நான் உட்கார்ந்திருந்தது கீழே அவருடைய ஆபீஸ் அறையில், அவருடைய லேப்டாப் முன்னால். காதில் இயர்போன்.

"வீட்டில் எந்த இடையூறும் இல்லை சார். அமைதியான சூழலில் முழுக் கவனத்தோடு படிக்கிறோம்" என்று நான் உருகிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது.

மொத்தமாகச் சரக்கு வாங்கும் மும்பை பையர் ஒருவர் வீடியோவில் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தாராம். அப்பா காலையிலேயே சலவைச் சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்திருக்கிறார். (இதெல்லாம் முன்னாடியே சொன்னாத்தானுங்களே தெரியும்?) லேப்டாப்பில் கோட்டும் டையுமாக முதல்வரைக் கண்டதும், பையர் வந்தேவிட்டார் என்று முடிவு செய்துவிட்டார்.

"கண்ணு, கொஞ்சம் நவுரு" என்று என்னை நாற்காலியோடு தள்ளினார்.

"நமஸ்தே சேட்ஜி. எலாஸ்டிக் தேக்கோ. ஏக் நம்பர்."

ஊதா நிற ஜட்டி ஒன்று திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை விரிந்தது. கால் நுழைக்கும் இடம் வழியாக அப்பாவின் புன்னகை தெரிந்தது. ஒட்டுமொத்தக் கல்லூரியும் அதைப் பார்த்தது.

நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். இழுத்த வேகத்தில் இயர்போன் ஒயர் கழன்றது.

"அப்பா, அது எங்க பிரின்சிபால்."

அப்பா ஜட்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். அதற்குள் முதல்வரின் குரல் லேப்டாப்பிலிருந்து அறை முழுக்கக் கேட்டது.

"பரவால்லீங்க. எக்ஸ்எல் இருக்குங்களா?"

"இருக்குதுங்க சார். குடுத்து உடறனுங்க."

அதற்குப் பிறகு யாருமே மைக்கை அணைத்து வைத்திருக்கவில்லை. சிரிப்பு அடங்கியதும் முதல்வர் தீர்ப்புச் சொன்னார்.

"சனிக்கிழமை எல்லாரும் நேர்லயே வந்துருங்க கண்ணுகளா. ஊட்ல எவ்வளவு அமைதின்னு பாத்துட்டனுங்க."

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் யாரும் என்னோடு பேசவில்லை. ஜெனிபர் மட்டும் பக்கத்தில் இடம் போட்டு வைத்திருந்தாள். "அப்பாகிட்ட தேங்க்ஸ் சொல்லிருட்டி" என்றாள்.

போன மாதம் வெள்ளகோவிலிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் வீடியோ காலில் என்னைப் பார்த்தார்கள். அம்மா முன்னெச்சரிக்கையாக அப்பாவை யூனிட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைத் தாழிட்டிருந்தார். நான் பட்டுப் புடவையில், தலை குனிந்து, வணக்கம் வைத்தேன். மாப்பிள்ளையின் அம்மா என் தோளுக்குப் பின்னால் எதையோ தேடினார்.

"ஏனுங்க, அப்பா வரலீங்களா? எங்க சின்னவ உங்க காலேஜ்தானுங்க. அவரைப் பாக்கோணும்னு ஊடே கூடி உக்காந்திருக்கறோமுங்க."